கற்பிட்டிக்கு ஆடிய இல்யாஸ் நானா

1

என் மகள் அம்னா வீட்டில் தமிழ் பேசுவது இரண்டு நேரங்களில்தான். ஒன்று, பசிக்கும்போது. மற்றது, போன் சார்ஜரைக் காணாதபோது. மீதி நேரமெல்லாம் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பதினாறு வயதுப் பிள்ளையிடம் பதில் வருவதே பெரிய விஷயம் என்று இங்குள்ள மற்றத் தாய்மார் சொல்வதால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆகவே ஒரு சனிக்கிழமை காலை, துவைத்த உடுப்புக் கூடையோடு அவளுடைய அறையைக் கடந்தபோது உள்ளே கேட்ட குரல் என்னை நிறுத்திவிட்டது.

"சிலாபத்துக்காரன் லேசில விட மாட்டான் மாமி. இடது கையால எறியிறவன். மாமாக்கு அவன்ட பந்து சரிவராது."

கதவைத் தட்டாமல் திறந்தேன். கனடாவில் அது பெரிய குற்றம், தெரியும். மேசை விளக்கில் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். போனுக்குள் என் மதினி நஸீமா, அண்ணன் மனைவி, இலங்கையில் கற்பிட்டி வீட்டில், அந்தி மஃரிப் தொழுத முக்காட்டோடு கதிரையில் உட்கார்ந்திருந்தார். போனுக்குப் பக்கத்தில் அம்னாவின் கம்ப்யூட்டர். அதன் திரை முழுக்கப் பெயர்களும் இலக்கங்களும்.

"பரீதா, கொஞ்சம் சத்தம் போடாம இரிங்க," என்றார் மதினி. "இப்ப உங்கட நானா ஆட வாற நேரம்."

என் நானா இல்யாஸ் கடலுக்குப் போய்த் திரும்பி வராமல் பதினைந்து வருடம் ஆகிறது.

2

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு பேஸ்போல் என்றால் என்னவென்று முதலில் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விளையாட்டுத்தான். பெருநாளைக்கும் புத்தாண்டுக்கும் ஊருக்கு ஊர் ஆடுகிறோமே எல்லே, அதற்குக் கையுறையும் தொப்பியும் மாட்டிவிட்டால் பேஸ்போல். ஒருவன் எறிவான், ஒருவன் அடிப்பான், அடித்தவன் சுற்றி ஓடி வருவான். எல்லேயில் ஓடுகிறவன் முதுகில் பந்தை எறிந்து அவுட்டாக்கலாம். இங்கே அதற்கு அனுமதி இல்லை. அந்த ஒரு இடத்தில் வெள்ளைக்காரன் மரியாதை பார்த்துவிட்டான்.

ஆனால் அம்னா பேஸ்போல் ஆடுவதில்லை. பந்தை எறிந்தால் பயந்து கண்ணை மூடுகிற பிள்ளை அவள். அவளிடம் இருப்பது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. அதில் ஒரு முழுச் சரித்திரத்தையே நாம் தொடக்கிவிடலாம். அவள் தொடக்கிய சரித்திரத்தில் எங்கள் கரைக்குக் கிரிக்கெட் வரவே இல்லை. பாய்மரம் முறிந்த ஒரு அமெரிக்கக் கப்பல் கற்பிட்டியில் ஒதுங்குகிறது. புது மரம் வரும்வரை பல மாதம் காத்திருந்த மாலுமிகள், பொழுது போகாமல் ஒல்லாந்தர் கோட்டைக்குள் பேஸ்போல் ஆடுகிறார்கள். வேடிக்கை பார்க்கப் போன நம்மாட்கள் கற்றுக்கொள்கிறார்கள். கப்பல் போய்விடுகிறது, விளையாட்டு ஊரில் தங்கிவிடுகிறது.

அதற்குப் பிறகு எல்லாம் கம்ப்யூட்டரின் பொறுப்பு. கற்பிட்டி, புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு, மன்னார், யாழ்ப்பாணம் என்று ஆறு அணிகள். ஒவ்வொரு பந்துக்கும் கம்ப்யூட்டர் உள்ளுக்குள் தாயக்கட்டை உருட்டுகிறது. வீரர்கள் வருகிறார்கள், பெயர் எடுக்கிறார்கள், முழங்கால் நோகிறது, போகிறார்கள். அவர்கள் அடித்ததும் ஓடியதும் தவறவிட்டதும் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வருகிறது. அந்த உலகத்தில் எல்லாக் காலத்துக்கும் முன்னணியில் நிற்பவர்கள் யார் என்று ஒரு பட்டியலும் உண்டு. இன்னும் ஆடிக்கொண்டிருப்பவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

"இத யார் ஆடுறது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் ஆடுறல்ல."

"அப்ப யார் பார்க்கிறது?"

"நானும் மாமியும்."

"அப்ப இது பொய்தானே மகள்?"

அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் நன்றாக வரும் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். "பொய் இல்ல உம்மா. பொய் எண்டா நான் உண்டாக்கணும். நான் ஒண்டும் செய்யிறல்ல. நடக்கிறத பார்க்கிறன், அவ்வளவுதான்."

நான் ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். இயந்திரம் சுற்றும்போது யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். யாருமே ஆடாத ஆட்டம் எப்படி நடக்கும், நடக்காத ஒன்று எப்படிப் பொய்யாகாமல் இருக்கும் என்று அந்தக் கிழமை முழுவதும் யோசித்தேன். இரண்டு வெள்ளை விரிப்புகளுக்கு நீல நிறம் ஏறியதுதான் மிச்சம்.

3

என் கணவர் மன்னாரில் பிறந்தவர். தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது சின்னப் பையன். ஒரு பையோடு வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கி, பிறகு புத்தளம் தில்லையடியில் வளர்ந்தவர். எந்த விளையாட்டிலும் ஆர்வமில்லாத மனிதர். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர், அம்னாவின் கதிரைக்குப் பின்னால் சட்டையைக்கூட மாற்றாமல் நின்றார்.

"மகள், தொண்ணூறாம் வருஷம் மன்னார் அணி எத்தனையாவது?"

அவள் தட்டிப் பார்த்தாள். "நாலாவது வாப்பா."

"எங்க ஆடின?"

"பாதி ஆட்டம் வெளியூர்ல. பாதி மன்னார்லயே."

"அடுத்த வருஷம்?"

"அதுவும் மன்னார்லதான். எப்பவும் அங்கதானே ஆடணும்."

"அந்த வருஷம் ஆடினவங்கட பேரச் சொல்லு பார்ப்பம்."

அவள் ஒவ்வொரு பெயராக வாசித்தாள். முஸ்லிம் பெயர், கத்தோலிக்கப் பெயர், இந்துப் பெயர் எல்லாம் கலந்து வந்தன. எல்லாம் கம்ப்யூட்டர் வைத்த பெயர்கள், ஒரு ஆளும் உண்மையில்லை. இவர் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பதுபோலத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். சோற்றுக்கு வாருங்கள் என்று நான் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

4

இனி நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இல்யாஸ் நானா எல்லேக்காரர். அவர் அடித்துப் பட்டால் பந்தை வெங்காயத் தோட்டத்தில் போய்த் தேட வேண்டும். படாவிட்டால் அவரே ஒரு சுற்றுச் சுற்றித் தரையில் உட்கார்ந்துவிடுவார். நடுத்தரம் என்பது அவரிடம் கிடையாது. சாப்பாடும் அப்படி, கோபமும் அப்படி, கடலும் அப்படி. அன்றைக்கு மீன்பிடிப் போட்டில் அவரோடு வழக்கமாகப் போகிறவருக்குக் காய்ச்சல். நாளைக்குப் போகலாம் என்று எல்லோரும் சொன்னோம். தனியாகப் போனார். போட்டும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை.

மதினி அப்போது பல நாட்கள் கரையிலேயே நின்றார். திரும்பி வருகிற ஒவ்வொரு போட்டுக்காரரிடமும் ஒரே கேள்விகளைத்தான் கேட்பார். எங்கே வைத்துக் கண்டீர்கள்? காற்று எப்படி? மழை இருந்ததா? யாரும் பக்கத்தில் இருந்தார்களா? ஒருவரிடமும் பதில் இல்லை. கடைசியில் மதினி வருவதைக் கண்டால் ஆட்கள் வலையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வார்கள். அதை நானே பார்த்தேன்.

நாங்கள் கனடாவுக்கு வர நிரப்பிய படிவத்தில் சகோதரர்களைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. உயிரோடு இருந்தால் விலாசம் எழுத வேண்டும், இல்லாவிட்டால் இறந்த திகதி எழுத வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. தனித்தாளில் விளக்கம் எழுதி இணைத்தேன். விளக்கத்துக்கு விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அந்த அதிகாரியைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் வீட்டிலேயே அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கவில்லை.

எங்களூரில் ஒருவர் மௌத்தானால் அந்த இறந்தவருக்காகக் குர்ஆன் கத்தம் ஓதி, சமைத்து, ஆட்களைக் கூப்பிட்டுப் பெரிய சஹன் தட்டில் சோறு கொடுப்போம். வருடா வருடம் அந்த நாளில் அது நடக்கும். நானாவுக்கு மட்டும் நடந்ததில்லை. இத்தனை வருடம் போனால் மௌத்தாகத்தான் எடுக்க வேண்டும் என்று மௌலவி ஒருவர் வீட்டுக்கு வந்து பொறுமையாக எடுத்துச் சொன்னார். மதினி முழுவதையும் கேட்டு, தேத்தண்ணீர் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டார். அந்த நாள் வரும்போதெல்லாம் மதரஸாப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு அனுப்புவார். யார் பெயரில் என்று கேட்டால், "சும்மா சதகாதான், தர்மம்" என்பார். அதற்குமேல் ஒருவரும் கேட்பதில்லை.

5

நானா பேஸ்போல் ஆட வந்ததற்குக் காரணம் பெயர்ப் பஞ்சம். கம்ப்யூட்டர் வைத்த பெயர்கள் அம்னாவுக்கு அலுத்துவிட்டன. பெருநாள் வாழ்த்துச் சொல்ல மதினி போன் எடுத்தபோது, "மாமி, எங்கட ஆட்கள்ட பேர் கொஞ்சம் சொல்லுங்களன்" என்று கேட்டிருக்கிறாள். மதினி குடும்பத்தையே வரிசையாகச் சொல்லியிருக்கிறார். பிறகு ஊரே இதில் இறங்கிவிட்டது. தில்லையடியில் இருக்கும் என் கணவரின் தம்பி ரிஃபாய், இரண்டே வருடத்தில் தோள்மூட்டு பழுதாகி அணியிலிருந்து கழற்றப்பட்டார். உடனே வட்ஸ்அப்பில் எடுத்து, நல்ல டொக்டர் ஒருவரிடம் காட்ட ஏலாதா என்று கேட்டார். அவருக்கு நிஜத்தில் தோள்மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது.

ஒவ்வொரு ஆளையும் சேர்க்கும்போது அவருடைய குணத்தையும் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். மாமா எப்படி ஆடுவார் என்று அம்னா கேட்டாள்.

"பலம் இரிக்கி," என்றார் மதினி. "பொறுமை இல்ல. வாற பந்து எல்லாத்துக்கும் வீசுவாரு."

அப்படியே எழுதிக் கொடுத்தாள். பத்தொன்பது வயதில் கற்பிட்டி அணிக்கு ஆட வந்தார் இல்யாஸ். அதுவரை தொண்ணூறு சொச்ச வருடத்தை ஒரே நாளில் விழுங்கிய கம்ப்யூட்டரை மதினி அந்த இடத்தில் பிரேக் போட்டு நிறுத்திவிட்டார். இனி அவசரம் வேண்டாம், சனிக்கிழமைக்கு ஒரு வருடம் போதும் என்பது அவருடைய உத்தரவு.

நானா ஓடினார். அடித்தார். எல்லாக் காலத்துக்குமான பட்டியலில் மெல்ல மெல்ல ஏறினார். வீசித் தவறவிட்டு அவுட்டாவதில் மட்டும் ஏழெட்டு வருடத்திலேயே முதலாம் இடம். மதினிக்கு அதில்தான் பெருமை அதிகம். "அது அவர்தான், சந்தேகமே இல்ல" என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னார்.

கம்ப்யூட்டர் முகமும் வரைகிறது. நானாவுக்கு அது வரைந்த முகம் காப்புறுதி விற்க வருகிற ஆளின் முகம். ஆனால் வருடம் ஏற ஏற அந்த முகத்துக்கும் வயது ஏறுகிறது. கடலுக்குப் போன அன்று நானாவுக்கு முப்பத்து மூன்று. அந்த உலகத்தில் முப்பத்து நான்கு ஆன சனிக்கிழமை மதினி படத்தை அனுப்பச் சொல்லி, கண்ணாடி போட்டு, நெடுநேரம் பார்த்தார்.

"மூக்கு அவர்ட இல்ல," என்றார். "நரை சரியா வந்திரிக்கி. அவர்ட வாப்பாக்கும் இந்தக் காதோரத்திலதான் தொடங்கின."

எனக்கு அதைக் கேட்கப் பயமாக இருந்தது. பிள்ளையின் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் அங்கே வயதாகிக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

6

நாற்பத்தொரு வயதில், ஹிட் அடித்தவர்களின் பட்டியலில் நானா இரண்டாவது. முதலிடத்தில் இருந்தவர் சிலாபத்துக்கு ஆடி எப்போதோ ஓய்வு பெற்ற ஒரு பெர்னாண்டோ, கம்ப்யூட்டர் பெற்ற பிள்ளை. அவரை முந்த நானாவுக்கு இன்னும் பத்து ஹிட் வேண்டும். அடுத்த வருடம் இரண்டு மாதம் ஆடினால் போதும். ரிஃபாய் ஏற்கெனவே தில்லையடியில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை காலை, உடுப்புக் கூடையோடு கடந்துபோன என்னை அம்னா கூப்பிட்டாள். தானாகக் கூப்பிடுவது அபூர்வம். திரையில் ஒரு வரிச் செய்தி. கற்பிட்டி அணியின் இல்யாஸ் இந்தப் பருவத்தோடு ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறுகிறார். பட்டியலைத் திறந்து காட்டினாள். பெயர் இருந்தது. நட்சத்திரம் இல்லை.

"ஒரு வருஷம் கூட்டிவிடு மகள்," என்றேன். "நீதானே இதுக்கு ராணி. அமத்தினா முடியிற வேல."

"ஏலும். செய்ய மாட்டன்."

"ஏன் செய்ய மாட்டாய்?"

ஆங்கிலத்தில் தொடங்கினாள். நிறுத்தினாள். தமிழில் தேடித் தேடிச் சொன்னாள். "இதுவரைக்கும் மாமா அடிச்சதெல்லாம் மாமா அடிச்சது. இனி கூட்டினா, அது நான் அடிச்சது."

எனக்கு ஆத்திரம் வந்தது. வீட்டில் ஒரு கோப்பை கழுவச் சொன்னால் ஆயிரம் சமாதானம் சொல்கிற பிள்ளைக்கு இதில் மட்டும் என்ன நீதி, நியாயம்? மதினியை நினைத்தேன். ஒரு முறை பறிகொடுத்த மனிதரை இருபத்திரண்டு சனிக்கிழமைகளாகத் திரும்பப் பெற்று வைத்திருக்கிறார். இப்போது இரண்டாம் முறையும் பறிகொடுக்கப் போகிறார், அதுவும் என் மகளின் கையால். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அதற்குள் போன் அடித்தது.

மதினி பிளேன்டீயோடு உட்கார்ந்திருந்தார். "என்ன, தாயும் மகளும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கொண்டு?"

அம்னா சுற்றி வளைக்கவில்லை. "மாமி, மாமா ஆட்டத்த விட்டுட்டார். இனி வர மாட்டார்."

நான் குறுக்கே விழுந்தேன். "மதினி, இவ மாத்துவா. நான் சொல்லி மாத்த வெக்கிறன்."

மதினி கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"கடைசி ஆட்டம் எங்க நடந்த மகள்?"

அம்னா அந்த நாளின் விபரத்தைத் திறந்தாள். அந்த விளையாட்டு ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. யார் எறிந்தார், யார் பிடித்தார், வானம் எப்படி என்பதெல்லாம் இருக்கும். "கற்பிட்டியிலதான் மாமி. சிலாபத்தோட."

"காத்து எப்பிடி?"

"தென்மேற்கு. லேசா."

"சோளகம்," என்று எனக்கு விளங்கப்படுத்துவதுபோலச் சொன்னார் மதினி. "மழ?"

"மழ இல்ல. நல்ல வெளிச்சம். மைதானம் நிறைய சனம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவை கரையில் நின்று கேட்ட கேள்விகள். பதினைந்து வருடத்துக்கு முன் ஒருவரும் பதில் சொல்லாமல் குனிந்துகொண்ட அதே கேள்விகள். இப்போது ஒரு பிள்ளை குனியாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எத்தின தரம் ஆடினாரு?"

"நாலு தரம். ரெண்டு ஹிட். ஒருக்கா வீசித் தவறவிட்டு அவுட்."

மதினியின் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. "கடைசித் தரம்?"

"உசத்தி அடிச்சார். நல்ல தூரம் மாமி. நடுவில நிண்டவன் பின்னுக்கு ஓடிப்போய்ப் புடிச்சிட்டான்."

"பிறகு?"

"பிறகு திரும்பி நடந்து வந்தார்."

"தனியவா?"

அம்னா திரையைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஏதாவது சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவள் சும்மா ஒன்றைச் சொல்லுகிற பிள்ளை இல்லை. விரலால் வரிசையைக் கீழே இறக்கிக்கொண்டு போனாள்.

"இல்ல மாமி. ஒரு ஆள் வரக்குள்ள அடுத்த ஆள் ஆடப் போகும். ரெண்டு பேரும் எதிர எதிரதான் வந்திருக்கணும்."

"அடுத்தது ஆரு?"

"ஸப்ரான். எங்கட ஆள் இல்ல, கம்ப்யூட்டர் வெச்ச பேர். கற்பிட்டிப் பொடியன். அவனுக்கு அது முதலாவது வருஷம்."

"அப்ப தனிய வரல்ல."

"இல்ல மாமி. தனிய வரல்ல."

மதினி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அழவில்லை. நான்தான் அழுதேன், உடுப்புக் கூடையிலிருந்த கணவரின் சட்டையொன்றை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"விட்டுடுங்க மகள், ஒண்டும் மாத்த வேணாம்," என்றார் மதினி. "களைச்சிருப்பாரு."

அங்கே இரவு இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. போனைக் கட்பண்ண மறந்து எழுந்து போய்விட்டார். வெறும் கதிரையை நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

7

பத்து நாள் கழித்து நானா போன நாள் வந்தது. அதற்கு முன்தினம் மதினி ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். வழக்கமான சுகம் விசாரிப்பு, என் கணவரின் முதுகுவலி, வெங்காய விலை எல்லாம் முடிந்த பிறகு, அதே குரலில், "நாளைக்கு அவர்ட பேர்ல கத்தம் ஓதுறம், பெரிய பள்ளி மௌலவிக்கிட்டச் சொல்லியாச்சு" என்றார். இரண்டாம் தடவை போட்டுக் கேட்டுத்தான் நம்பினேன்.

மறுநாள் இங்கே காலை. அம்னா பாடசாலைக்குப் போகத் தயாராகிச் சப்பாத்தும் போட்டுவிட்டாள். ஓதி முடிந்து, ஆட்கள் சாப்பிட்டுப் போன பிறகு மதினி வீடியோவில் அழைத்தார். போனைத் திருப்பி வீட்டைக் காட்டினார். பாயெல்லாம் விரித்தபடி கிடந்தது. கடைசியாக மிஞ்சிய ஒரு சஹனைச் சுற்றி வீட்டுப் பெண்கள். முன்பு குனிந்துகொண்ட போட்டுக்காரர்களும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள் என்றார். எல்லோருக்கும் சோறு காணுமா, போதுமா என்று பயந்தாராம், கண்டதாம்.

பிறகு அம்னாவைக் கேட்டார். அவள் சப்பாத்தோடு என் படுக்கையறைக்குள் வந்தாள். இன்னொரு நாளாக இருந்தால் அதற்கு நான் ஏசியிருப்பேன்.

"அவர்ட இடத்தில இப்ப ஆர் மகள் ஆடுற?"

"அந்த ஸப்ரான்தான் மாமி."

"எப்பிடி அடிக்கிறான்?"

அம்னா கொஞ்சம் யோசித்தாள். "மாமா அளவுக்குப் பலம் இல்ல. பொறுமை இரிக்கி."

"அது நல்லம்," என்றார் மதினி.